வேண்டா பிடித்து வைத்த குரல்

படாளம் கூட்டுரோட்டில் இறங்கிக் கோதண்டராமன் வீடு எது என்று கேட்டால், எந்தக் கோதண்டராமன் என்று திருப்பிக் கேட்பார்கள். தாண்டவராயன் வீடு என்றால் போதும், டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கை காட்டுவார். ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து, ஏரிக்கரையை ஒட்டித் திரும்பினால் வேப்பமரத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் எந்நேரமும் வேர்க்கடலையோ கேழ்வரகோ காய்ந்துகொண்டிருக்கும்.

தாண்டவராயன் என்பது வானொலி வைத்த பெயர். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மார்கழியில், கிராம நிகழ்ச்சிக்காக வானொலிக்காரர்கள் சிலர் வேடந்தாங்கலுக்கு வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறதே, அதைப் பற்றி விவசாயிகளைப் பேசவைத்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு. மைக்கைக் கண்டதும் ஆளாளுக்கு மேடைத் தமிழ் பேசப் பார்த்துத் திக்கினார்கள். மச்சான் வயலுக்கு நாற்றுக்கட்டு கொண்டுபோயிருந்த கோதண்டராமன், சேற்றுக் காலோடு வந்து நின்று சொன்னார்:

"எங்களுக்கு யூரியா கடை ஆகாசத்துல பறந்துக்கினு கீது சார். சீட்டும் வோணாம், கியூவும் வோணாம். இன்னா ஒன்னு, தலையில துண்டு போட்டுக்கினு நிக்கணும்."

வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் முதல் பதிவு வீணாகி, மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஆள் விட்டு அழைத்தார்கள். 'சாவடிப் பேச்சு' என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி. அதில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற தாண்டவராயனாக அவர் பேச வேண்டும். வாரத்தின் நடுவே ஒரு நாள் பட்டணத்துக்குப் பஸ் ஏறுவார். பேசிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். கனத்த குரல். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி அடியில் ஒரு முழக்கம் இருக்கும். பேசும்போதே சிரிப்பை உள்ளே அடக்கி வைத்திருப்பது கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லிவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்த அவர் மனைவி வேண்டாவுக்கு, நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பார்த்துக் கரண்டு போனது. பக்கத்து ஊரில் கேட்டவர்கள் எல்லாம் வந்து சிலாகித்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே கேட்டுச்சி. கட்டிக்கினவ கேக்கல" என்று அன்று சோறு தின்னவில்லை.

கரும்புப் பணம் வந்த கையோடு செங்கல்பட்டு பஜாருக்குப் போய் ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தாள். ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருக்கிற பெட்டி. கட்டை கட்டையாகப் பேட்டரியும் போடலாம். அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. மாட்டைச் சீக்கிரமே கறந்துவிடுவாள். கோழியைக் கூடை கவிழ்த்து மூடுவாள். மகள் ஜெயப்பிரியா தும்மினால் முதுகில் விழும். மைக்செட் வாடகைக்கு விடும் எதிர்வீட்டுத் துரை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணி, ரேடியோல வர்றது வயரு வழியா உள்ளாறவே டேப்புல ஏறிடும். நீ வெளியில கத்துனாலும் அதுல வுழாது."

"மைக்கு ஒன்னு வெச்சிக்கிறானே முன்னால?"

"அது நீ நேரா பேசிப் புடிக்கறதுக்கு. அதுக்கு வேற சுவிச்சு."

"இருக்கட்டும். நான் கேக்கறதுக்காவது சும்மா கெடங்க."

அப்படிப் பிடித்த கேசட்டுகள் வருஷத்துக்கு வருஷம் சேர்ந்தன. ஒவ்வொன்றும் முடிந்ததும் முதுகுப்பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லை ஸ்பூன் காம்பால் உடைத்துவிடுவாள். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதியாது என்று துரை சொல்லிக் கொடுத்திருந்தான். அஞ்சாவது வரை படித்த கையெழுத்தில், என்ன மாதம், என்ன கதை என்று அட்டையில் எழுதுவாள். 'ஐப்பசி. எலி வேட்டை.' 'மாசி. பம்புசெட்டு ரிப்பேரு.' மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். வெயில் திரும்பியதும் நிழலில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைப்பாள். நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது முழுக்க ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுவாள். நாடா சிக்கி அறுந்துபோனால் நெற்றிப்பொட்டை விடச் சின்னதாகச் செலோடேப் வெட்டி ஒட்டுவாள். பெட்டிக்குள் நாடா உரசும் முனையை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பாள். நடவுக்குப் போகிற கைதான். அந்த வேலையில் மட்டும் வளையல்கூடச் சத்தம் போடாது.

நிகழ்ச்சி நின்றுபோன பிறகு கோதண்டராமனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. பனி என்றார்கள். பீடி என்றார்கள். இரண்டாயிரத்தொன்றில் பட்டணத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஓர் ஓட்டை. அதன்மேல் தொங்கவிட ஒரு வெள்ளைத் துணி. அங்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி, காற்றை விழுங்கி ஏப்பம் விடுகிற மாதிரி மேலே தள்ளி அதையே பேச்சாக்கலாம் என்று அவருக்கு முன்னால் செய்து காட்டினாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்புறம் அந்த அறைக்குப் போகவே இல்லை.

வீட்டில் எல்லாம் கைச்சாடை ஆயிற்று. தண்ணீருக்குச் சொம்பைத் தட்டுவார். மாட்டை நாக்கைச் சொடக்கிக் கூப்பிடுவார். வேண்டா பேசிக்கொண்டே இருப்பாள். பதில் சுவரிலிருந்துதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் அடுப்படியில் பெட்டியை வைத்துப் பழைய கேசட் ஒன்றைப் போடுவாள். கூடத்தில் படுத்திருக்கும் கோதண்டராமன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

கல்யாணமாகி அணுபுரத்தில் இருந்த ஜெயப்பிரியா வந்திருந்தபோது அதைப் பார்த்தாள்.

"யம்மா, நைனா அழுவறாரு. உனக்குத் தெரியிதா இல்லியா?"

"தெரியிது."

"அப்பால இன்னாத்துக்குப் போடறே? அவருக்குக் கஷ்டமா கீதுன்னா எல்லாத்தையும் மூட்ட கட்டித் தூக்கிப் போட்டுடேன்."

"அவரு போத்திக்கினு படுத்துக்கறாரு. நான் யார்கிட்டடி பேசறது? பொழுதுக்கும் செவுத்தையே பாத்துக்கினு கீறேனே, எனக்குக் கஷ்டம் இல்லியா?"

"அதுக்காவ?"

"அதுக்காவத்தான். நீ உன் வூட்டப் பாரு."

அடுத்த தை மாதம், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து அவர்கள் கொல்லையில் கரும்பு வெட்டு நடந்தது. வெட்டுகிற ஆட்களுக்கு வேண்டா கூழ் கொண்டுபோனாள். ஊற்றி முடித்த பிறகுதான் மோர்மிளகாயை மறந்துவிட்டது தெரிந்தது. எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள். உடம்பெல்லாம் கரும்புத் தோகை அறுத்த எரிச்சல். நேரே குடத்தடிக்குப் போகப் போனவள் கூடத்தைப் பார்த்து நின்றாள்.

பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்தது. முன்னால் கோதண்டராமன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"இன்னாய்யா பண்றே?"

அவர் திரும்பவில்லை. அவள் பாய்ந்து பொத்தானைத் தட்டிக் கேசட்டைப் பிடுங்கினாள். அவள் பல் உடைத்த இடத்தில் காகிதத்தை மடித்துச் செருகி அடைத்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராகப் பேசிப் பிடிக்கிற சுவிட்சைப் போட்டு, பேசாமல் உட்கார்ந்து, தன் குரலின் மேல் ஒன்றுமில்லாததைப் பதிந்துகொண்டிருந்தார்.

"எத்தினி? சொல்லுய்யா, எத்தினி அழிச்சே?"

மூன்று விரலைக் காட்டினார்.

வேண்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் மழைக்காலத்துக் கேசட்டுகள் மூன்றும் காகிதம் செருகிக் கிடந்தன. எலி வேட்டை போயிருந்தது.

"தொண்டைய அறுத்தவன் டாக்டரு. அவன் உன் உசுர காப்பாத்த அறுத்தான். நீ எதுக்குய்யா அறுக்கறே? இது உன்ன இன்னா பண்ணுச்சி? பொட்டியில ஒரு மூலையில கெடந்ததுதானே?"

கோதண்டராமன் தன் நெஞ்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். கேசட்டைக் காட்டி, நெஞ்சைக் காட்டி, மறுபடி தட்டினார். அவர் முகம் கறுத்தது. வாயைத் திறந்து எதையோ கடித்து விழுங்குகிற மாதிரி காற்றை விழுங்கினார். கொதிக்கிற களிச் சட்டியில் குமிழி உடைகிற மாதிரி, வயிற்றடியிலிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது.

"என்... னுது."

அறுவைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை. இருவருக்கும் அது தெரிந்தது. அவரே அதைக் கேட்டு மிரண்டுபோன மாதிரி வாயை மூடிக்கொண்டார். வேண்டா கேசட்டை விடவில்லை.

"உன்னுதா? பேசினது நீ, ஒத்துக்கறேன். பேசிட்டு பஸ்ஸேறி வந்து குந்திக்கினே. காத்தோட பூடுச்சி அது. புடிச்சி வெச்சது யாரு? கரண்டு போவுமோ போவாதோன்னு வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு குந்திக்கினு இருந்தது யாரு? பூஞ்சணம் தொடச்சது யாரு? பேச்சு உன்னுது. கேசட்டு என்னுது. என் பொட்டியில கை வெக்க உனக்கு இன்னா ரைட்டு கீது?"

அவர் மறுபடி காற்றை விழுங்கினார்.

"கேக்க... முடி... யல."

"கேக்காத. உன் காதுல வுழற மாதிரி இனிமே நான் போட மாட்டேன். கொல்லப்பக்கம் எட்த்துக்கினு போயி கேக்கறேன். ஆனா அழிக்க உட மாட்டேன். நீ தலகீழா நின்னாலும் உட மாட்டேன்."

"நான்... இல்ல... அது."

"நீதான்யா அது! இதுவும் நீதான். பேச வருது இல்ல உனக்கு? இம்மாம் நாளு ஊமையாட்டம் சொம்பத் தட்டிக்கினு இருந்தியே, இன்னா திமிரு உனக்கு! பேசு. நல்லா பேச வராட்டிப் போவுது, என்கிட்ட சண்டை போடறதுக்காவது பேசு."

கொல்லையில் கூழுக்குக் கடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் மோர்மிளகாயை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். வரப்பில் போகும்போது அழுதாளா என்பது யாருக்கும் தெரியாது. வெட்டுக்காரர்களிடம் அன்று முழுக்க எரிந்து விழுந்தாள்.

கோதண்டராமன் பேசக் கற்றுக்கொண்டது ஆஸ்பத்திரியில் இல்லை. அவளோடு சண்டை போட்டுத்தான். குழம்பில் உப்பு என்று சொல்லக் காற்றை விழுங்குவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பத்துச் சொல்லிவிடுவாள். அந்த ஆத்திரத்தில் அடுத்த வார்த்தை சீக்கிரம் வரும். மூன்று நான்கு எழுத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காற்று பிடிக்க வேண்டும். வெளி ஆட்களிடம் மட்டும் பேசமாட்டார். கூட்டுரோட்டில் ஒருமுறை பீடி கேட்டவனிடம் இல்லை என்று சொன்னபோது, அவன் ஓர் அடி பின்னால் போனான். அதிலிருந்து வெளியே வாய் திறப்பதில்லை.

அழிந்த கேசட்டுகளில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று வேண்டா ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். கதை ஒன்றும் இல்லை. வீட்டுச் சத்தம் இருந்தது. கோழி கொக்கரித்தது. ரோட்டில் ஏதோ லாரி ஆரன் அடித்தது. "வேண்டாக்கா, வேண்டாக்கா" என்று வாசலில் யாரோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கு மிகவும் கிட்டத்தில், கழுத்து ஓட்டை வழியாக உஸ் உஸ் என்று மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்க அவள் அதைக் கேட்டாள். பிறகு காகிதத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அட்டையில் பழைய எழுத்தை அடித்து, 'தை. அவரு சும்மா குந்தியிருந்தது' என்று எழுதிப் பெட்டியில் வைத்தாள்.

கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று சொன்னவள் ஜெயப்பிரியா. அவள் புருஷன் பாலா அணுமின் நிலையத்தில் வேலை செய்தான். குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டர் இருந்தது. வேண்டா கேசட்டுகளை ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. ஒயர்கூடையில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, மேலே ஈரமில்லாத துணி போட்டு, செங்கல்பட்டில் பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவாள். கூடையைத் தரையில் வைக்கமாட்டாள். என்ஜின் சூடு என்று முன்னால் உட்காரமாட்டாள். பாலா வேலை முடிந்து வந்து ஒயரைச் செருகி ஏற்றுவான். முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எல்லாம் ஏற்றி முடிந்த அன்று பாலா சிடி ஒன்றை அவள் கையில் கொடுத்தான்.

"அவ்வளவுதான் அத்தை. எல்லாம் இதுல இருக்கு. இனிமே அந்தப் பெட்டியத் தூக்கிச் சுமக்க வேணாம். போட்டுடலாம்."

"போட்டோ எட்த்தாச்சின்னு ஆளத் தூக்கிப் போட்டுடுவீங்களா மாப்ள?" என்றாள். கூடையைத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டாயிரத்தாறு ஐப்பசியில், அடைமழை நடுவே ஜீப் ஒன்று சேற்றில் சறுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றது. வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி அதிகாரியாக இருந்த பிரபாவதி இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டா கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டாள். கேழ்வரகு அடையைச் சூடாகப் பிட்டுத் தின்றுகொண்டே வந்த காரியத்தைச் சொன்னாள். நிலையத்துக்கு ஆண்டு விழா வருகிறது. பழைய நிகழ்ச்சிகளைத் திரும்ப ஒலிபரப்பப் போகிறார்கள். நேயர்கள் எழுதிக் கேட்பதில் பாதி 'சாவடிப் பேச்சு'தான்.

"அது உங்ககிட்டயே இருக்குமே" என்றாள் வேண்டா.

"இல்லம்மா. அப்போ டேப்புக்குத் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிஞ்சதும் அதுமேலயே வேற பதிவு பண்ணிடுவாங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"அப்ப நீங்களும் அழிச்சீங்க."

பிரபாவதி தலை குனிந்து அடையைப் பிட்டாள். "ஆமாம்மா. அதான் உங்ககிட்ட வந்திருக்கேன். எல்லாத்தையும் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போய்ப் பதிவு பண்ணிட்டு, பத்திரமாத் திருப்பித் தரோம்."

"வூட்ட உட்டு ஒன்னும் போவாது. மெஷினு எட்த்துக்கினு இங்க வாங்க. எவ்ளோ நாளு ஆனாலும் நான் சோறு போடறேன்."

"சிடி இருக்குன்னு உங்க பொண்ணு எங்களுக்கு லெட்டர்ல எழுதியிருந்தாங்க. அதையாவது..."

"அதுவும் இங்கதான் கேட்டுக்கணும்."

கூடத்து மூலையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த கோதண்டராமன் எழுந்து வந்தார். வேண்டா திரும்பிப் பார்த்தாள். வெளி ஆள் முன்னால் அவர் வாய் திறப்பார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். காற்றை விழுங்கினார்.

"மொதல்ல... நான்... பேசணும்."

பிரபாவதியின் கையில் அடை நின்றது. அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"நீங்க பேசணுமா சார்? ரேடியோவுல?"

"கதைக்கு... முன்னால. இது... நான்தான்னு... சொல்லணும்."

"சார், தப்பா நினைக்காதீங்க. ஜனங்க மனசுல உங்க பழைய குரல் அப்படியே இருக்கு. திடீர்னு இதக் கேட்டா பயந்துடுவாங்க. உங்களப் பத்தி நாங்களே நல்லவிதமாச் சொல்லி..."

"பயப்... படட்டும்" என்றார் கோதண்டராமன். அடுத்ததற்கு அவர் காற்று பிடிக்கிற வரை மழைச் சத்தம் மட்டும் இருந்தது. "இதுவும்... என்... கொரலு."

வேண்டா சிரிக்கவில்லை, அழவில்லை. இன்னொரு அடையைப் பிரபாவதி தட்டில் போட்டாள். "கேட்டுக்கினீங்களா? அவரு பேசறதுன்னா கேசட்டு. இல்லாட்டி இல்ல. நெய் ஊத்தட்டா?"

மறுவாரம் பிரபாவதி மெஷினோடு வந்தாள். கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிந்தாள். கடைசியில் கோதண்டராமன் முன்னால் மைக்கை வைத்தாள். தன் பெயர், ஊர், தொண்டையில் வந்த நோய், தாண்டவராயன் தான்தான் என்பது, இதையெல்லாம் பிடித்து வைத்தவள் தன் மனைவி வேண்டா என்பது, இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு கரும்பு வண்டியில் சுமை ஏற்றுகிற நேரம் ஆயிற்று. இடையிடையே வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிரபாவதி அவசரப்படுத்தவில்லை. கிளம்பும்போது ஜீப் அருகே நின்று வேண்டாவிடம் சொன்னாள்.

"நான் இதை வெட்ட மாட்டேன்மா. ஆனா எனக்கு மேல ஆள் இருக்காங்க. அவங்களுக்காக நான் வாக்குக் குடுக்க முடியாது. பொய் சொல்ல விருப்பமில்ல, அதான் இப்பவே சொல்றேன்."

"சொன்னீங்களே, அது போதும்" என்றாள் வேண்டா.

ஒலிபரப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை விட்டு வெளுத்திருந்தது. வேடந்தாங்கல் பக்கம் போகிற நாரைகள் ஏரிக்கு மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. துரை யார் சொல்லையும் கேட்காமல் வேப்பமரத்தில் புனல் ஒலிபெருக்கி இரண்டைக் கட்டி, ரேடியோவிலிருந்து ஒயர் இழுத்துவிட்டான். "அண்ணாத்தைக்கு நான் காசு வாங்குவனா?" என்று கேட்காதவர்களிடமும் சொன்னான். தெரு முழுக்க வந்துவிட்டது. ஆலைக்குப் போன வண்டிக்காரர்கள்கூட மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார்கள். ஜெயப்பிரியா அவித்த வேர்க்கடலையை முறத்தில் கொண்டுவந்து விநியோகித்தாள். கோதண்டராமன் புது வேட்டியும் சலவை செய்த கழுத்துத் துணியுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் டூ-இன்-ஒன் தன்பாட்டுக்குப் புதுக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தது.

இசை வந்தது. ஒரு பெண் தேன் மாதிரிக் குரலில் பேசினாள். "அன்பு நேயர்களே, தாண்டவராயனாக நம்மையெல்லாம் சிரிக்க வைத்த அந்தக் கம்பீரக் குரல் இன்று நம்மிடையே இல்லை. ஆயினும் நம் நினைவுகளில் என்றும்..."

கூட்டத்தில் யாரோ, "தே, மாமாவ காலி பண்ணிட்டான்யா ரேடியோக்காரன்!" என்றான். சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் பேசியது வரும், இதோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. நேரே கதைக்குப் போய்விட்டார்கள். 'ஆவணி. மாட்டாசுபத்திரி.'

அந்தக் குரல் வேப்பமரத்திலிருந்து இறங்கியது. கிணற்று முழக்கம், அடியில் அடக்கிய சிரிப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. தாண்டவராயன் சீக்கு எருமையை ஓட்டிக்கொண்டு மாட்டாசுபத்திரிக்குப் போகிறார். டாக்டர் லீவு, நாளைக்கு வா என்கிறார் கம்பவுண்டர். மறுநாளும் போகிறார். டாக்டர் லீவு, நாளைக்கு வா. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோர் முகமும் மேலே ஒலிபெருக்கியைப் பார்த்திருந்தது. எல்லோர் முதுகும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு நேராக இருந்தது. அவர் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

வேண்டா இதை வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன வரும் என்பது அவளுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும். படியிலிருந்து இறங்கி நடந்தாள். மூன்றாம் நாள் தாண்டவராயன் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இன்றைக்கு டாக்டர் வந்திருக்கிறார்.

"எங்கய்யா மாடு?" என்று கேட்டார் ரேடியோ டாக்டர்.

வேண்டா துரையின் ஆம்பிளிபயரில் கையை வைத்து ரேடியோவின் ஒயரைப் பிடுங்கினாள்.

"அண்ணி! இன்னா பண்றே? கரெக்டா அந்த எடத்துல..."

"போடு, போடு" என்று கூட்டம் கத்தியது. ஒரு கிழவர் தடியால் மரத்தைத் தட்டினார். ஜெயப்பிரியா ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"யம்மா, எல்லாரும் கேக்கறாங்க. உள்ள ரெக்கார்டு வேற ஓடிக்கினு கீது. அதையாவது நிறுத்தவா?"

"அது ஓடட்டும். அவரு இல்லன்னு சொன்னாங்க பாரு, அதுவும் இருக்கட்டும் பொட்டியில." வேண்டா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மிச்சத்த ஆளு சொல்லுவாரு. தோ குந்திக்கினு கீறாரே, கண்ணு தெரியல உங்களுக்கு? துரை, மைக்க எட்த்துக் குடு."

துரை மைக்கைக் கொண்டுபோய் நீட்டினான். கோதண்டராமன் வாங்கவில்லை. வேண்டாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். சண்டைக்கு நிற்கிற மாதிரியே நின்றாள். அவர் வாங்கிக்கொண்டார்.

முதலில் கழுத்து ஓட்டையின் மூச்சுதான் ஒலிபெருக்கியில் வந்தது. தெரு முழுக்க உஸ் என்றது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. தாய் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள், எழுந்து போகவில்லை. அவர் காத்திருந்தார். காற்றை விழுங்கினார்.

"மாடு... லீவு."

புனலில் அது உடைந்து சிதறியது. "இன்னா? மாடு இன்னாவாம்?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. முன்னால் தடியோடு நின்ற கிழவர் மட்டும் குலுங்கினார். கோதண்டராமன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இந்தமுறை நெஞ்சு நிறைய விழுங்கினார். ஒவ்வொரு சொல்லாக, கல் தூக்கி வைப்பதுபோல் வைத்தார்.

"மாடு... லீவுல... கீது... சார். நாளிக்கி... வரும்."

சிரிப்பு கிழவரிடமிருந்து கிளம்பித் தெருவெல்லாம் பரவி, ரோட்டோரத்தில் நின்ற வண்டிக்காரர்கள் வரை போனது. இப்போது எல்லோர் முகமும் அவர் பக்கம் இருந்தது. அது அடங்குகிற வரைக்கும் அவர் நின்றார். பிறகு மைக்கை வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்லக் காற்றை விழுங்கினார்.